ஓடைக்கரைப் பயணம் ரத்து

இல்லை தம்பி, திரும்பிப் போவதற்காக நான் இவ்வளவு தூரம் வரவில்லை. கடைசிப் பேருந்தும் போய்விட்டது. என்னை இறக்கிவிட்டு அது வட்டமடித்துத் திரும்பியதை நீங்களே பார்த்தீர்கள். ஆகவே, போங்கள் போங்கள் என்று கையைக் காட்டிப் பயனில்லை. இந்தத் தடுப்புக் கம்பை நீங்கள் உயர்த்துவது ஒன்றுதான் வழி.

உங்கள் விதி எனக்கு நன்றாகப் புரிகிறது. வெயில் தாழ்ந்த பிறகு தனி ஆளை மலைப்பாதையில் விடக்கூடாது. கரடி இறங்கும். மேலே தங்கியிருக்கும் குழு, 'இவர் எங்கள் ஆள்' என்று சொன்னால் மட்டும் அங்கிருந்து காவலர் விளக்கோடு வந்து அழைத்துப்போவார். மிக நல்ல விதி. நான் தலைமையாசிரியையாக இருந்த பெண்கள் பள்ளியிலும் இதே விதிதான். வாயிலில் யார் வந்து நின்றாலும், உள்ளே இருக்கும் பிள்ளை வந்து, 'இவர் என் சித்தப்பாதான்' என்று சொன்ன பிறகே அனுப்புவோம். விதியை மதிப்பவள் நான். உங்கள் பெயர் என்ன தம்பி? கொம்பையாவா? நல்லது. கொம்பையா, அந்த வாக்கி-டாக்கியை எடுத்து மேலே ஒரு சொல் கேளுங்கள். கேட்பதற்கு முன் நான் சொல்வதையும் சற்றுக் கேளுங்கள். நிலைமையை அறியாமல் கேட்டால் தவறான பதில் வந்துவிடும்.

மேலே இருக்கும் குழு என் குழு. நான் அமைத்த குழு. காலையில் மூன்று பெண்மணிகள் முதுகுப்பையோடு இந்த வழியாக ஏறினார்களே, அவர்கள் மூவரும் என்னிடம் பணிபுரிந்த ஆசிரியைகள். பருமனாக, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்திருப்பாள், அவள் எஸ்தர், அறிவியல். கறுப்புக்கண்ணாடி அணிந்தவள் மெகருன்னிசா, கணக்கு. இன்னொருத்தி, ஒல்லியாக, கடைசியாக வந்திருப்பாள். எப்போதும் கடைசியாகத்தான் வருவாள். அவள் ஆவுடையம்மாள். தையல் ஆசிரியை. என் பக்கத்து வீடு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.

என்னை அழைக்காமல் வந்துவிட்டார்கள் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. நான் ரத்து செய்துவிட்டேன். அதனால் அவர்களால் என்னை அழைக்க முடியாமல் போயிற்று. இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது.

முதலில் இந்த யோசனை ஆவுடையுடையது. அதை மறைக்க மாட்டேன். அவள் மகன் நாக்பூரில் வேலை பார்க்கிறான். வீட்டை விற்றுவிட்டு அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொள்கிறான். அது முடிவான பிறகு ஒரு நாள், நாங்கள் நால்வரும் காலைநடை முடித்து அமர்ந்திருந்தபோது அவள் சொன்னாள்: "டீச்சர், போறதுக்கு முன்னால ஒரே ஒரு ராத்திரி எங்கயாவது ஓடைக்கரையில போய்க் கெடக்கணும். தண்ணிக்குள்ள காலப் போட்டுக்கிட்டு சும்மா இருக்கணும். ஒண்ணுமே செய்யக் கூடாது."

எஸ்தர் உடனே, "குறுக்கோடையில டெண்ட்டுப் போட்டுத் தாராவளாம், சாப்பாடும் அங்கயே. பையத் தூக்கிக்கிட்டு நடந்து போனாப் போதும்" என்றாள். மெகருன்னிசா, "நான் சீட்டுக்கட்டு கொண்டாரேன்" என்றாள். பார்த்தீர்களா? மலைக்குப் போகிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சீட்டுக்கட்டு. இந்த நிலையில் பொறுப்பை யாராவது ஏற்றுத்தானே ஆக வேண்டும்? நான் ஏற்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது உண்மை. பள்ளியிலும் யாரும் கேட்டதில்லை.

சும்மா இருப்பது எளிது என்று நினைக்கிறீர்களா தம்பி? பழக்கமில்லாதவர்களுக்கு அதுதான் மிகக் கடினம். அதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். எத்தனை மணிக்கு ஓடையில் காலை வைப்பது, யார் எந்தப் பாறையில் அமர்வது, எப்போது எழுவது என்பதை எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், அங்கே போய் ஒருவரும் எதைப்பற்றியும் யோசிக்க வேண்டியதில்லை. அதுதானே ஓய்வு?

பயிற்சியும் வைத்தேன். பள்ளி மைதானத்தில் அனுமதி வாங்கி, முதுகுப்பையில் சுமையோடு தினமும் விடியற்காலையில் சுற்றிவர வேண்டும். சுமைக்கு அரிசி வைத்துக்கொள்ளச் சொன்னேன். என் பையில் அரிசியோடு அம்மிக்குழவியும் இருந்தது. முன்னால் நடப்பவள் அதிகம் சுமக்க வேண்டும் என்பது என் கொள்கை. மெகருன்னிசா இரண்டாவது சுற்றில் நின்றுவிட்டாள். "டீச்சர், நாம போறது ஓடைக்கரைக்கா, பார்டருக்கா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் தடுக்கவில்லை. நகைச்சுவைக்கு என் திட்டத்தில் இடம் இருந்தது. இரவு உணவுக்குப் பின் அதற்கென்று நேரம் ஒதுக்கியிருந்தேன்.

கூடாரப் பயிற்சியும் நடந்தது. எங்கள் வீட்டுப் பின்புறத்தில், கொடிக்கயிற்றில் போர்வைகளைக் கட்டி. "அவுகளே கட்டித் தாராவ டீச்சர், நாம என்னத்துக்குக் கட்டணும்?" என்று எஸ்தர் கேட்டாள். பிறர் கட்டிய கூடாரத்தில் எப்படி நிம்மதியாக உறங்குவது என்று நான் திருப்பிக் கேட்டேன். அன்று போர்வை சரிந்து மெகருன்னிசாவின் தலையில் விழுந்தது. அவள் வெளியே வராமல் உள்ளேயே படுத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு, என்னய எழுப்பாதீங்கட்டீ" என்றாள். ஆவுடை சிரித்து வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். வீடு விற்ற பிறகு அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனாலும் கழுத்தில் தொங்கிய ஊதலை ஊதினேன். கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

உட்காரச் சொல்கிறீர்களா? வேண்டாம் தம்பி, நின்றே பேசிப் பழக்கம். அந்தக் கருவி கையிலேயே இருக்கட்டும், இதோ முடித்துவிடுகிறேன்.

என் திட்டத்தில் ஒரே ஒரு பணி மட்டும் எல்லோருக்கும் வியப்பாக இருந்தது. அந்தி நேரத்தில் குடிநீர் எடுத்துவருதல். அதற்கு ஆவுடையையும் என்னையும் மட்டும் நியமித்திருந்தேன். "ஓடைக்கரையில இருந்துக்கிட்டு என்ன தண்ணி எடுக்கப் போறீய?" என்று எஸ்தர் சிரித்தாள். மேல்பக்கத்து நீர் தூய்மையானது என்றேன். அது உண்மைதான். ஆனால்… நீங்கள் அயலார் என்பதால் சொல்கிறேன். ஆவுடையிடம் தனியாக ஒன்று பேச வேண்டியிருந்தது. வீட்டில் பேச முடியாது. வீட்டில் பேசினால் அது சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து பேசும் பேச்சாகிவிடும். மூன்று அறை உள்ள வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். இரண்டு அறை சும்மா கிடக்கிறது. இதில் ஒருவர் தங்கினால் யாருக்கும் நட்டமில்லை. இதைத்தான் சொல்ல வேண்டும். எளிய செய்தி. ஆனால் சரியான இடமும் நேரமும் வேண்டும் அல்லவா? அந்த நேரத்தைச் சுற்றித்தான் பயணம் முழுவதையும் கட்டினேன்.

அவளே ஒருமுறை இதைப்பற்றிப் பேச்செடுத்தாள். துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, சுவருக்கு மேலே தலையை நீட்டி, "நாக்பூர்ல போய் நான் என்ன செய்யப் போறேன் டீச்சர்? ஆனா இங்க இருன்னு சொல்லுததுக்கும் யாரு இருக்கா?" என்றாள். நான் உடனே முறையான பதிலைச் சொன்னேன். மகன் வீட்டில் இருப்பதே தாய்க்கு அழகு என்றேன். மராத்தி கற்பது கடினமன்று, நாளுக்குச் சில சொற்கள் படித்தால் போதும் என்றும் சொன்னேன். சரியான பதில்தானே தம்பி? அவள் "ஆகட்டும் டீச்சர்" என்று உள்ளே போய்விட்டாள். துணியைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள். அந்த அலட்சியம் மட்டும் அவளிடம் எனக்குப் பிடிக்காது.

இனி ரத்துக்கு வருகிறேன்.

பயிற்சியின் கடைசி நாள். எல்லோர் பையும் நிறைந்திருந்தது. ஆவுடை மட்டும் சிறுபிள்ளை போல் வீசி வீசி நடந்தாள். மூச்சு வாங்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. பையை இறக்கித் திறக்கச் சொன்னேன். பள்ளியில் பிள்ளைகளின் பையைச் சோதிப்பது போலத்தான். அதில் இழிவு ஒன்றும் இல்லை. திறந்தாள். உள்ளே ஒரு தலையணை. பூத்தையல் போட்ட உறையோடு.

"என்ன இது?" என்றேன்.

"தலகாணி டீச்சர்."

"சுமை எங்கே?"

"இந்த வயசுல நம்ம ஒடம்பே சொமதான டீச்சர். அங்க போய்த் தல சாய்க்க இது போதும்னு நெனச்சேன்."

எஸ்தர் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு தாங்காமல். மெகருன்னிசா, "எனக்கும் ஒண்ணு தச்சுக் குடு ஆவுடை" என்றாள். நான் கோபப்படவில்லை. கோபம் என் இயல்பன்று. ஊதலை எடுத்து ஊதி, "பயணம் ரத்து" என்றேன்.

நான் ரத்து செய்தது ரத்து செய்வதற்காக அன்று தம்பி. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பள்ளியில் ஆண்டுவிழா நெருங்கும்போதெல்லாம் ஆசிரியைகளுக்குள் பூசல் வரும். ஒத்திகை கெடும். உடனே நான் ஆண்டுவிழா ரத்து என்று அறிவிப்பேன். அன்று மாலையே எல்லோரும் என் வீட்டுக்கு வந்து நிற்பார்கள். "மன்னிச்சிருங்க டீச்சர், நடத்திருவோம்" என்பார்கள். நான் முடியாது என்பேன். மறுபடியும் கேட்பார்கள். பிறகு எல்லோருக்கும் தேநீர் கொடுத்து, சரி, நடத்துங்கள் என்பேன். அதன் பிறகு ஆண்டுவிழா எவ்வளவு சிறப்பாக நடக்கும் தெரியுமா? ஒருமுறைகூட ரத்து செய்யாமல் எங்கள் பள்ளியில் ஆண்டுவிழா நடந்ததில்லை. ரத்து என்பது எங்களுக்கு ஒரு தொடக்கம். இதை நன்கு அறிந்தவள் ஆவுடை. ஒவ்வொரு முறையும் வீடு வீடாகப் போய் மற்றவர்களைத் திரட்டி என் வாசலுக்கு அழைத்துவந்தவளே அவள்தான்.

இந்த முறையும் தேநீர் போட்டு வைத்தேன். சர்க்கரை இல்லாமல் மெகருன்னிசாவுக்குத் தனியாக. நாற்காலிகளை வாசலைப் பார்த்துப் போட்டேன். யாரும் வரவில்லை. மழை தூறியது, அதனால் வரவில்லை என்று நினைத்தேன். மறுநாள் மழை இல்லை. அன்றும் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம், பெட்டிகளுக்கு ஒட்டுநாடா இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கிர்ரென்று இழுப்பது, பிறகு கிழிப்பது. அவள் வேலையை முடித்துவிட்டு வருவாள் என்று காத்திருந்தேன்.

பிறகு லாரி வந்தது. கட்டில், பீரோ, தையல் எந்திரம் எல்லாம் ஏறின. நான் வாசற்படியில் நின்றேன். அவள் என்னிடம் வந்து, "எல்லாம் முடிச்சுட்டு வந்து சொல்லிக்கிடுதேன் டீச்சர்" என்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருவேன் என்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்றிரவு அந்தப் பக்கம் அவள் இருமலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. அவள் தரையில் படுத்திருப்பாள். காலிவீட்டில் இருமினால் எப்படிக் கேட்கும் தெரியுமா? என் வீட்டுக்குள்ளேயே இருமுவது போல இருந்தது. எழுந்து போய்ச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். சுவரில் ஈரக்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

இன்று காலை அவள் வீட்டில் பூட்டுத் தொங்கியது. எதிரே இஸ்திரி போடுபவர், "மூணு டீச்சர்மாரும் பைய மாட்டிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே மலைக்குப் போறாவளே, நீங்க போவலியா?" என்றார். நான் பின்னால் வருகிறேன் என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. வந்திருக்கிறேன் அல்லவா? பேருந்து மாறி மாறி, வழியில் ஒன்று பழுதாகி நின்று, இந்த நேரம் ஆகிவிட்டது.

காலை வரை காத்திருக்கச் சொல்கிறீர்கள். அதுதான் முடியாது என்கிறேன். காலையில் அவள் மகன் இந்த வாயிலுக்கே கார் கொண்டுவருகிறான், அதையும் அந்த இஸ்திரிக்காரர்தான் சொன்னார். அவள் இறங்கியதும் நேரே மதுரை, அங்கிருந்து ரயில். மகன் பக்கத்தில் நிற்கும்போது நான் என்ன பேச முடியும்? அவன் நல்ல பையன். என்னைக் கண்டால் இன்றும் கைகட்டி நிற்பான். அவன் முன்னால் கேட்டால், அவன் அம்மாவை நான் அவனிடம் கேட்பது போல ஆகிவிடும். அது எந்த வகையில் முறை? ஆகவே இன்றே பார்க்க வேண்டும். கரடி வந்தால் வரட்டும். இன்று பார்க்காவிட்டால்… இல்லை, எனக்கு ஒன்றுமில்லை. பேருந்தில் வந்த களைப்பு. தண்ணீர் இருந்தால் கொடுங்கள்.

கேட்கிறீர்களா? நன்றி கொம்பையா. இல்லை, நீங்கள் கேட்க வேண்டாம், நானே பேசுகிறேன். உங்களுக்கு விவரம் தெரியாது. கொடுங்கள். பேசும்போது இந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தியிருக்கும்வரை அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது, விட்டால்தான் கேட்கும். அவ்வளவுதானே? பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

வணக்கம். மங்கையர்க்கரசி பேசுகிறேன். கீழ்வாயிலில் இருந்து பேசுகிறேன். ஆசிரியைகள் மூவரையும் கருவிக்கு அருகில் வரச் சொல்லவும். நமது ஓடைக்கரைப் பயணம் தொடர்பாக முன்பு அறிவிக்கப்பட்ட ரத்து இப்போது திரும்பப் பெறப்படுகிறது. பயணத்தை நடத்தலாம். என்னை அழைத்துச்செல்லக் காவலரை உடனே அனுப்பவும். குடிநீர் எடுக்கும் பணி இன்னும்…

என்ன தம்பி? விட வேண்டுமா? நான் முடிக்கவில்லையே. சரி. விட்டுவிட்டேன்.

சிரிக்கிறார்கள். கேட்கிறதா? அது எஸ்தர். "யம்மா, டீச்சர் இங்கயும் வந்துட்டாவ! நாங்க வந்து, குளிச்சு, தூங்கியே எந்திரிச்சாச்சு டீச்சர். இனி எதத் திரும்பப் பெறப் போறீய?" என்கிறாள். அவளுக்கு எப்போதும் விளையாட்டு. பின்னால் ஓடைச் சத்தம் கேட்கிறது பாருங்கள். நல்ல நீர்வரத்து.

இருங்கள், ஆவுடை பேசுகிறாள்.

சாப்பிட்டேனா என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் ஆவுடை. இல்லை, சாப்பிடவில்லை. அது முக்கியமன்று. காவலரை அனுப்பச் சொல்.

என்ன சொல்கிறாள்? தம்பி, ஒலியைக் கூட்டுங்கள்.

"இந்த ஒரு ராத்திரி மட்டும் எங்கள விட்டுருங்க டீச்சர். கீழ அந்தத் தம்பிட்ட சொல்லிப் படுக்க எடம் வாங்கிக்கிடுங்க. காலையில எறங்கி வரும்போது பாத்துக்கிடுவோம். மவனும் வந்துருவான்."

கேட்டீர்களா? களைத்திருக்கிறாள். மலை ஏறியது ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் இப்படிப் பேசுகிறாள். அவள் இயல்பாகப் பேசினால் இப்படிப் பேச மாட்டாள். எங்களை விட்டுவிடுங்கள் என்று… எங்களை என்றா சொன்னாள்? என்னை என்று சொல்லவில்லையே? எங்களை என்றுதான் சொன்னாள். அது மற்ற இருவருக்காகவும் சேர்த்துச் சொன்னது. அவளுக்காக மட்டும் சொன்னதன்று.

அதை வாங்காதீர்கள் தம்பி. இன்னும் பேச்சு முடியவில்லை. தயவுசெய்து. நான் யாரிடமும் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். தயவுசெய்து அதை என் கையிலேயே விடுங்கள். நீங்கள் அந்தப் பக்கம் போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். எஸ்தருக்கும் மெகருன்னிசாவுக்கும் அந்தக் காவலருக்கும் கேட்கும் என்பது தெரியும். கேட்கட்டும்.

ஆவுடை. மங்கையர்க்கரசி பேசுகிறேன். என் வீட்டில் இரண்டு அறை… அறை இருக்கட்டும். உன் மகன் நல்லவன்தான், நாக்பூரும் நல்ல ஊர்தான், அதிலெல்லாம் எனக்கு… ஆவுடை, போகாதே. இங்கே இரு. நான் கேட்கிறேன். என்னோடு இரு.

தெரியும் கொம்பையா. பொத்தானை விட்டால்தான் அவள் பேசுவது கேட்கும் என்பது எனக்குத் தெரியும். இப்போதுதானே சொல்லிக்கொடுத்தீர்கள். விடுகிறேன். கையைத் தொடாதீர்கள் தம்பி, நானே விடுகிறேன். இன்னும் சற்று நேரம் அழுத்திக்கொண்டிருக்கிறேன்.